சிறு குழந்தைகளின் காது நோய்: வலி நின்ற பிறகும் கவனம் தேவை



மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவுக்கு வரும் தாய்மார்களில் பலர் சொல்வது ஒரே குறைதான்: "பிள்ளைக்கு மறுபடியும் காதுல சீழ் வருது." குழந்தைக்கு ஒன்றரை வயது, இரண்டு வயது இருக்கும். சளி பிடிக்கிறது, காய்ச்சல் வருகிறது, இரவு முழுக்கக் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. விடியும்போது தலையணையில் ஈரம். பிறகு அழுகை நின்று குழந்தை தூங்குகிறது, வீட்டாரும் நிம்மதி அடைகிறார்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் அதே கதை. காது வலிக்கும்போது என்ன செய்வது என்பது ஓரளவு எல்லாருக்கும் தெரியும். வலி இல்லாத நாட்களில் அந்தக் காதுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் நம் வீடுகளில் தெரியாமல் இருக்கிறது. பிள்ளையின் பேச்சு அதைப் பொறுத்திருப்பதால் இந்த இதழில் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

காதுத் துவாரத்தின் முடிவில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதுதான் செவிப்பறை. அதற்குப் பின்னால் காற்று நிரம்பிய சிறு அறை ஒன்று உண்டு. அதை நடுக்காது என்கிறார்கள். ஒலியை உள்ளே கொண்டு செல்லும் மூன்று குட்டி எலும்புகள் அங்கேதான் இருக்கின்றன. இந்த அறைக்கு ஜன்னல் போல ஒரு குழாய், மூக்கின் பின்புறத்தில் வந்து திறக்கிறது. பெரியவர்களுக்கு அந்தக் குழாய் நீளமாகவும் சரிவாகவும் இருப்பதால் உள்ளே ஊறும் நீர் வடிந்துவிடும். குழந்தைக்கோ அது குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கை வசமாகவும் இருக்கும். சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும், மூக்கில் இருக்கும் கிருமியும் சுலபமாக ஏறிவிடும். அதனால்தான் 6 மாதத்திலிருந்து 2 வயது வரை இந்த நோய் இவ்வளவு வருகிறது. வளர வளரக் குழாய் நீண்டு சரிவாகிறது. "வளர்ந்தா சரியாயிடும்" என்று நன்னிமார் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் வளரும் வரை உள்ள இரண்டு மூன்று வருடங்கள்தான் பிள்ளை பேசக் கற்றுக்கொள்ளும் வருடங்கள்.

குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போனதால்தான் சீழ் வந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். செவிப்பறை முழுதாக இருக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. இந்த நோய் மூக்கு வழியாக வருவது. காதைக் குடைவதாலும் துடைப்பதாலும் அதைத் தடுக்க முடியாது என்பதையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

காய்ச்சலும் காது வலியும் வந்த அந்த முதல் இரவில் குழந்தைக்கு வேண்டியது வலி நிவாரணம். பாரசிட்டமால் போதும். ஆனால் அளவு, வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். சிரப்பில் 5 மில்லியில் 120, 125 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டால் பல மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பாட்டிலை ஒரு முறைக்கு இருமுறை படித்துவிட்டுக் கொடுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. காது நோய்க்குச் சளி சிரப்பால் பயன் இல்லை. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023ஆம் ஆண்டு இறுதியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவிட்டது. இன்னமும் "குழந்தைக்குச் சளி" என்றதும் எதையாவது எடுத்து நீட்டும் கடைகள் இருக்கின்றன. வாங்குகிறவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிருமிக்கொல்லி மருந்து ஒவ்வொரு காது வலிக்கும் வேண்டியதில்லை. இரண்டு வயதைத் தாண்டிய, லேசான வலி மட்டும் உள்ள குழந்தையை இரண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னால், அவர் அலட்சியம் காட்டுகிறார் என்று நினைக்க வேண்டாம், அதுவும் முறையான சிகிச்சைதான். ஆனால் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, இரண்டு காதிலும் நோய் உள்ள 2 வயதுக்கு உட்பட்ட குழந்தை, கடுமையான காய்ச்சல் உள்ள குழந்தை, சீழ் வடியும் குழந்தை ஆகியோருக்கு மருந்து வேண்டும். பெரும்பாலும் அமாக்ஸிசிலின் எழுதுவார்கள். சிறு குழந்தைக்குப் பொதுவாக 10 நாள். மூன்றாவது நாளில் குழந்தை சிரித்து விளையாடும். நான்காவது நாள் பாட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விடும், "அடுத்த தடவைக்கு ஆகும்" என்று. கரைத்த சிரப் சில நாட்களே தாங்கும், லேபிளில் எழுதியிருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மிச்ச மருந்தைக் கொடுப்பதும் நம் தெருக்களில் நடக்கிறது. அண்டை வீட்டாருக்கு உதவும் நல்ல எண்ணம்தான், இந்த விஷயத்தில் மட்டும் வேண்டாம்.

காதிலிருந்து சீழ் வெளியே வந்தால், உள்ளே சேர்ந்த அழுத்தம் தாங்காமல் செவிப்பறையில் சிறு ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். அழுத்தம் குறைவதால் வலி நின்றுவிடுகிறது. ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். அதுவரை காது உலர்வாக இருக்க வேண்டும். சுத்தமான பஞ்சைத் திரியாகத் திரித்துக் காது வாசலில் வைத்து, ஈரமானதும் மாற்றுங்கள். குளிப்பாட்டும்போது வாசலின் தடவிய பஞ்சை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். குளம், வாய்க்கால் குளியல் வேண்டாம். ஓட்டை உள்ள காதுக்குள் எதையும் ஊற்றக் கூடாது. பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், தாய்ப்பால், தேங்காய் எண்ணெய் எல்லாம் இதில் அடங்கும். கடையில் கேட்டு வாங்கும் காது சொட்டு மருந்துகளிலும் சில, ஓட்டை வழியே உள்காது வரை சென்று கேட்கும் நரம்பைப் பாதிக்கக்கூடியவை. எது பாதுகாப்பானது என்று காதைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு வாயால் ஊதும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அன்பினால் செய்வது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். ஊக்கு, கொண்டை ஊசி, பஞ்சு வைத்த குச்சி எதையும் பிள்ளையின் காதுக்குள் விட வேண்டாம். ஹஜ்ரத்திடம் அழைத்துச் சென்று ஓதி ஊதிக்கொள்வதை நாங்கள் தடுக்கவில்லை. துஆவும் வேண்டும், தவாவும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே நம் கோரிக்கை.

சத்தமில்லாத நோய்

காய்ச்சல் போய், சீழும் நின்ற பிறகு, பல குழந்தைகளுக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் தங்கிவிடுகிறது. இதற்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, வெளியே ஒரு சொட்டும் வராது. பெரும்பாலானோருக்கு மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். அடுத்தடுத்துக் காது நோய் வரும் குழந்தைக்கு வற்றுவதற்குள் அடுத்த சளி வந்துவிடுகிறது. நீர் கெட்டியாகிப் பசை போல ஆகிவிடுகிறது. அப்போது அந்தச் சிறு எலும்புகள் சரியாக அதிர்வதில்லை. குழந்தைக்குக் காது கேட்கும், ஆனால் மங்கலாகக் கேட்கும். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு வீட்டில் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அப்படித்தான்.

இந்த நிலையில் உள்ள குழந்தை கதவு அடித்தால் திரும்பும், பைக் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடும். அதனால் காது கேட்கவில்லை என்று யாருக்கும் தோன்றாது. "ச", "ஸ", "ஃப" போன்ற மெல்லிய ஒலிகளும் சொல்லின் கடைசி எழுத்தும்தான் அதற்குப் போய்ச் சேர்வதில்லை. பாதி கேட்ட சொல்லைப் பாதியாகத்தான் திருப்பிச் சொல்லும், அல்லது சொல்லாமலே இருக்கும்.

நம்மிடம் உதவி கேட்டு வந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறோம். பையனுக்கு இரண்டேகால் வயது. ஐப்பசியிலிருந்து ரமலான் வரை நான்கு முறை காது நோய். நான்கு முறையும் மருந்து வாங்கியிருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில். காது நோய்க்காக அவர்கள் நம்மிடம் வரவில்லை. பையன் "அத்தா", "அம்மா", "பா" என்ற மூன்று சொல்லுக்கு மேல் பேசவில்லை, கூப்பிட்டால் வருவதில்லை, கோபம் வந்தால் தலையைத் தரையில் முட்டுகிறான் என்பதற்காக வந்தார்கள். உறவினர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தார்கள். ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், அவன் அத்தாவும் அப்படித்தான், வீட்டில் உருதும் தமிழும் கலந்து பேசுவதால் குழம்பிவிட்டான், செல்போன் பார்த்துக் கெட்டுவிட்டான். ஒருவர், பிள்ளைக்கு மூளை வளர்ச்சி இல்லை என்றே சொல்லிவிட்டாராம். அந்தத் தாய் அதைச் சொல்லும்போது அழுதார்.

இரண்டு மொழி புழங்கும் வீட்டில் வளர்வதால் பிள்ளைக்குப் பேச்சு நின்றுபோவதில்லை. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் மஹல்லாவில் பாதி வீடுகளில் இந்தச் சாக்குச் சொல்லப்படுகிறது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து நீர் இருப்பதாகச் சொன்னார். செவிப்பறை அசைகிறதா என்று காட்டும் டிம்பனோமெட்ரி சோதனை ஒரு காதுக்குச் சில விநாடிதான், வலியில்லை. அதில் இரண்டு காதிலும் அசைவு இல்லை. பிறகு குழந்தையைத் தூங்க வைத்துத் தலையில் வயர் ஒட்டிச் செய்யும் பெரா சோதனை. நரம்பு நன்றாக இருக்கிறது, நடுக்காதில்தான் அடைப்பு என்று தெரிந்தது. தலையில் வயர் ஒட்டுவதைப் பார்த்து மின்சாரம் வைக்கிறார்கள் என்று நன்னி பயந்துபோனார். அந்த வயர் மூளையின் அசைவைப் பதிவு செய்கிறதே தவிர உள்ளே எதையும் செலுத்துவதில்லை. மூன்று மாதம் கவனித்தார்கள், நீர் வற்றவில்லை. வாயால் மூச்சு விடுவதும் இரவில் குறட்டையும் இருந்ததால், மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கிக் குழாயை அடைத்திருப்பதும் தெரிந்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தச் சதையை எடுத்து, இரண்டு காதிலும் குரோமெட் வைத்தார்கள்.

குரோமெட் என்றதும் காது கேட்கும் கருவி என்று நினைத்துவிடுகிறார்கள். அரிசி மணியை விடச் சிறிய குழாய் அது. மயக்க மருந்து கொடுத்து, செவிப்பறையில் சிறு கீறல் போட்டு, உள்ளே உள்ள நீரை உறிஞ்சிவிட்டு அதில் பொருத்துவார்கள். சில நிமிட வேலை. அடைத்துக்கொண்ட குழாய்க்குப் பதிலாக அது காற்று போகும் வழியாகிறது. வெளியே தெரியாது. பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் தானாகக் கழன்று வந்துவிடும், ஓட்டையும் மூடிக்கொள்ளும். சிலருக்கு மீண்டும் வைக்க வேண்டி வரலாம், அதை முன்பே சொல்லித்தான் ஒப்புதல் வாங்குவார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்த வாரத்தில் அந்தத் தாய் புதிதாக ஒரு புகாருடன் வந்தார். குக்கர் விசில் அடித்தால் பையன் அலறிக்கொண்டு ஓடி வருகிறானாம், காதில் ஏதாவது கோளாறு ஆகிவிட்டதா என்று கேட்டார். இவ்வளவு நாளும் அது அவனுக்கு இவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை என்று மருத்துவர் விளக்கினார். பேச்சு உடனே வந்துவிடவில்லை. விட்டுப்போன மாதங்களைப் பேச்சுப் பயிற்சியில்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போகிறார்கள்.

எல்லாக் குழந்தைக்கும் அறுவை சிகிச்சை வேண்டும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை. ஆனால் 6 மாதத்தில் மூன்று முறையோ, ஒரு வருடத்தில் நான்கு முறையோ காது நோய் வந்த குழந்தையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அதுவும், காது நன்றாக இருக்கும் நாளில் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் தேதியையும், எந்தக் காது என்பதையும், கொடுத்த மருந்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். "அடிக்கடி வரும்" என்று சொல்வதை விட அந்தக் குறிப்பு மருத்துவருக்கு எவ்வளவோ உதவும்.

வீட்டிலேயே கவனிக்கச் சில அடையாளங்கள் உண்டு. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், ஓரிரு சொல் வர வேண்டும். இரண்டு வயதில் "பால் வேணும்", "அத்தா போச்சு" என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். முகம் பார்க்காமல், பின்னால் நின்று, மெதுவான குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். கை தட்டியோ பாத்திரத்தைத் தட்டியோ பார்ப்பது சரியான சோதனை அல்ல. டிவிக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வது, "ஆங்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, நடக்கும்போது தடுமாறுவது இவையும் கவனிக்கத்தக்கவை. மக்தப் உஸ்தாத்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஸீனையும் ஸாதையும் பிரித்துச் சொல்வது பெரியவர்களுக்கே கஷ்டம்தான். ஆனால் பக்கத்தில் உட்கார வைத்தால் சரியாக ஓதும் பிள்ளை, கடைசி வரிசையில் உட்கார்ந்தால் உளறுகிறது என்றால், அதை மந்தம் என்று முடிவு கட்டும் முன் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

தாமதிக்கக் கூடாத நிலைகள்

காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின் மேல் வீக்கமும் சிவப்பும் வந்து காது முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால், அன்றே மருத்துவமனை. முகம் ஒரு பக்கம் கோணினாலும், குழந்தை வாந்தி எடுத்து மயங்கிச் சோர்ந்தாலும், கழுத்து விறைத்தாலும் 108ஐ அழையுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் நிற்கவில்லை என்றால் அது நாள்பட்ட நோயாக மாறுகிறது. அதிலும் துர்நாற்றம் அடிக்கும் சீழ் என்றால், உள்ளே எலும்பை அரிக்கும் சதை வளர்ச்சி இருக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு இப்படிச் சீழ் வருவதை வெளியே சொல்லாமல் மறைத்து, "நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பேச்சாகிவிடும்" என்று வருடக்கணக்கில் பஞ்சு வைத்துக்கொண்டிருக்கும் வீடுகளை நாங்கள் அறிவோம். நிக்காஹ் பேசும் வயதில் பாதி செவித்திறன் போய்விட்டிருக்கிறது. இரண்டு வயதிலேயே காட்டியிருந்தால் அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் தீர்ந்திருக்கும்.

தடுக்கும் வழிகளில் முதலாவது தாய்ப்பால். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு நம் மார்க்கம் கூறும் இரண்டு வருடம் வரை மற்ற உணவோடு சேர்த்து. புட்டிப்பால் கொடுத்தே ஆக வேண்டியிருந்தால் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுக்காமல் தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோர், புகை அடங்கும் வரை குழந்தையை வேறு இடத்தில் வைத்திருங்கள். நிமோகாக்கல் தடுப்பூசி காது நோய்க்குக் காரணமான முக்கியக் கிருமி ஒன்றைத் தடுக்கிறது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை. 2021 முதல் தமிழகத்தின் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். அட்டையை எடுத்துப் பாருங்கள், ஒன்பதாவது மாதத் தவணையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

உதவி பெற

மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையம் என்ற பிரிவு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருக்கும். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் கீழ் இயங்குகிறது. பிறந்தது முதல் 18 வயது வரை கேட்கும் திறன் சோதனையும் பேச்சுப் பயிற்சியும் இலவசம். இத்திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் வரும். அன்று பிள்ளையை அனுப்பாமல் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பெறலாம். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். நோய் வந்த பிறகு அலைவதை விட இப்போதே எடுத்து வைப்பது நல்லது. தனியார் மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், அந்தச் சிகிச்சை காப்பீட்டுப் பட்டியலில் உள்ளதா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் அறக்கட்டளையின் ஜகாத் நிதியிலிருந்து, தகுதியுள்ள குடும்பங்களுக்குச் சோதனைக் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் வழங்கப்படும். அறுவை சிகிச்சைக்குத்தான் உதவி கேட்க வேண்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள். முதல் சோதனைக்கே கேளுங்கள். பேச்சுப் பயிற்சிக்கு வாரந்தோறும் செல்வதால் ஒரு நாள் கூலி போகிறது என்றால் அதையும் மனுவில் எழுதுங்கள். மருத்துவரின் சீட்டு, குழந்தையின் தடுப்பூசி அட்டை, குடும்ப அட்டை நகல் ஆகியவற்றுடன் மஃரிப் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம். பெண்கள் தனியாக வருவதாக இருந்தால், வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு மகளிர் பிரிவுச் சகோதரிகள் இருப்பார்கள்.